நாலாவது பாய்லர் தயார் நிலையில் உள்ளது

எங்கள் ஓயாவேரே அனல்மின் நிலையம் எண்ணெய்க்கல்லை எரிப்பதை விட்டுவிட்டுக் கேஸுக்கு மாறப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று முதலில் கைதட்டியவள் அந்தோனினா. இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் பின்னால் ஊரில் அவளைப் பற்றி வேறு மாதிரி பேசினார்கள். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவளாம், புதுசு எதுவும் அவளுக்குப் பிடிக்காதாம், கேஸ் என்றாலே ஆகாதாம். பொய். பச்சைப் பொய்.

கல்லை அவளை விட அதிகமாக வெறுத்தவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. எண்ணெய்க்கல் பழுப்பு நிறத்தில் தட்டுத்தட்டாக வரும். தீக்குச்சியை நீட்டினாலே பிடித்துக்கொள்ளும். அதை மாவாக அரைத்து உலைக்குள் ஊதி எரிப்போம். இரண்டு வண்டிக் கல் உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு வண்டி சாம்பல் வெளியே வரும். அந்தச் சாம்பல் கொடியில் காயும் துணியில் படியும், சூப்பில் விழும், தலையணையில் கிடக்கும். முப்பத்தொரு வருடம் அவள் பாய்லர் கூடத்தில் இருந்தாள். குழாய்களைச் சுற்றிச் சாம்பல் பாறையாக இறுகிவிடும்போது நீளக் கம்பியை விட்டு இடித்து உடைக்கிற வேலையில் சேர்ந்து, கடைசியில் அந்தக் கூடத்துக்கே தலைவியானாள். இடது காதுக்குக் கீழே கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது.

"இந்தக் கல்லைப் பாக்காம எந்திரிக்கிற நாள்தான்டி எனக்குப் பண்டிகை" என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

நான் அல்பினா. அதே நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பாய்லருக்குள் போகிற தண்ணீரில் உப்பு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று பார்த்து எழுதுவது. ஏழாம் வகுப்பிலிருந்தே நானும் அந்தோனினாவும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவளை நான் தோன்யா என்று கூப்பிடுவேன். வேலையாட்கள் அவள் தகப்பன் பெயரைச் சேர்த்து 'யெகோரொவ்னா' என்பார்கள். எங்கள் பக்கம் அது மரியாதை.

கேஸ் பயிற்சி வகுப்பு ஆறு வாரம் நடந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தாள். பரீட்சையில் அவள்தான் முதல். நேற்று கல்லூரியிலிருந்து வந்த இன்ஜினியர்கள் எல்லாம் அவளுக்குப் பின்னால்.

மே மாதம் கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். டைரக்டர் அர்காதி பாவ்லொவிச் எங்கள் ஊர்க்காரர். அவர் அம்மா அதே கேன்டீனில் தட்டுக் கழுவியவள். அதனால்தான் அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். வெளியூரிலிருந்து வந்தவர் சொல்லியிருந்தால் நாங்கள் இரண்டாம் தடவை கேட்காமல் விட்டிருக்க மாட்டோம்.

அவர் பேசி முடித்ததும் அந்தோனினா எழுந்தாள்.

"அர்காதி பாவ்லொவிச், ஒரே ஒரு கேள்வி. கேஸ் வரலேன்னா?"

"ஏன் வராம போகுது?"

"வந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் பரீட்சை எழுதினேன். வரலேன்னா என்னன்னு கேக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு விளக்கினார். ஒன்றாவது, இரண்டாவது பாய்லர்கள் கேஸுக்கு மாறும். மூன்றாவது போய்விடும். நாலாவது கல்லிலேயே நிற்கும். அவசரத்துக்கு டீசல் வைக்கப் பெரிய தொட்டிகள் வரப்போகின்றன. கேஸ் வந்து சேரும் கொட்டகையில் அதைச் சூடுபடுத்த ஒரு கருவியும் வரும். இரண்டும் வந்து சேரும்வரை நாலாவது பாய்லரே காப்பு. ஊரில் வீடுகளைச் சூடாக வைக்கச் சுவரோரத்து ரேடியேட்டர்களுக்கு வெந்நீர் அனுப்புகிற நிலையம் மூன்று நாளுக்கு மாற்று எரிபொருள் வைத்திருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

"நாலாவது பாய்லர் மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான். இது என் வாக்கு" என்றார்.

அப்போதும் முதலில் கைதட்டியவள் அந்தோனினாதான். பிறகு நாங்கள் எல்லாரும்.

கோடை முழுக்க வேலை நடந்தது. கல் அரைக்கும் இயந்திரங்களைக் கழற்றினார்கள். உலைச் சுவர்களைச் சுரண்டினார்கள். முப்பது வருடச் சாம்பலைக் கட்டி கட்டியாக லாரியில் ஏற்றினார்கள். மஞ்சள் வர்ணம் அடித்த கேஸ் குழாய்கள் கூடத்துக்குள் வந்தன. செப்டம்பரில் முதல் பர்னரைப் பற்றவைத்தபோது உலைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நீலமாக, சுத்தமாக, புகையே இல்லாமல் எரிந்தது. அடுத்த நாள் அந்தோனினா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். சாயங்காலம் என் அறைக்கு வந்து காலரை விரித்துக் காட்டினாள்.

"பாரு. பாருடி. ஒரு பொட்டு இருக்கா?"

நாலாவது பாய்லரையும் அவள் விட்டுவிடவில்லை. இரண்டு அரவை இயந்திரங்களுக்கு எண்ணெய் போட்டு வைத்தாள். முற்றத்தில் தார்ப்பாய்க்கு அடியில் மூன்று நாளுக்கான கல். மாதம் ஒரு தடவை கதவுகள், விசிறிகள், பம்புகள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பாள். எலெக்ட்ரீஷியன் ஹெய்னோ அதிகம் பேசாத எஸ்தோனியன். பேசினால் இப்படித்தான் பேசுவான்.

"யெகோரொவ்னா, இதுக்குப் பாலும் புகட்டுவீங்களா?"

"நீ கறந்து குடு, புகட்டறேன்."

அக்டோபரில் கேஸ் கொட்டகைக்கு அந்தச் சூட்டுக் கருவி வரவில்லை. ஏன் அது வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய குழாயில் கேஸ் மிகுந்த அழுத்தத்தில் வரும். கொட்டகையில் இருக்கிற வால்வு அந்த அழுத்தத்தைக் குறைத்து எங்களுக்கு விடும். அழுத்தம் குறையும்போது கேஸ் சில்லிட்டுப்போகும். கடும் பனியில் துளி ஈரம் இருந்தாலும் வால்வு உள்ளுக்குள் உறைந்து அடைத்துக்கொள்ளும். இது பயிற்சி வகுப்பின் இரண்டாம் வாரப் பாடம். அந்தோனினா டைரக்டரிடம் போய்க் கேட்டாள்.

"அடுத்த வருஷத் திட்டத்துக்குத் தள்ளியாச்சு. நாலாவதுதான் நிக்குதே, உங்களுக்கு என்ன பயம்?" என்றார்.

நவம்பர் பதினொன்றாம் தேதி எல்லைக்கு அப்பால் ப்ஸ்கோவ் நகரத்திலிருந்து தந்தி மாதிரி ஒரு போன். அவளை வளர்த்த சித்தி இறந்துவிட்டாள். மூன்று மணிக்கு பஸ். அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது டைரக்டரின் செயலாளர் மூன்று தாள்களோடு ஓடிவந்தாள். ஒன்று விடுப்பு விண்ணப்பம். ஒன்று சாவி ஒப்படைப்பு. மூன்றாவது, மாதாமாதம் போடுகிற தாள்: 'நாலாவது பாய்லர் தயார் நிலையில் உள்ளது.' அந்தோனினா வாசல் கதவில் தாளை வைத்து மூன்றிலும் கையெழுத்துப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன், அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் காலையில் நாலாவது பாய்லரின் மேல்தட்டில் தீப்பொறி பறந்தது.

வெட்டியது யார் என்றால் அவள் தம்பி திமொஃபெய். பழைய இரும்பு வெட்டுகிற குழு வைத்திருந்தான். கோடையில் மூன்றாவது பாய்லரை வெட்டி எடுத்ததும் அவன்தான். அவனைப் பார்த்ததும் நான் நினைத்தேன், தம்பியே வெட்டுகிறான் என்றால் அக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா. வெள்ளிக்கிழமை பாய்லரின் உச்சியிலிருந்த பெரிய இரும்பு உருளையை, நாங்கள் டிரம் என்போம், இரண்டாக அறுத்துக் கிரேனில் இறக்கினார்கள். என் கைப்பையில் ப்ஸ்கோவ் வீட்டின் நம்பர் இருந்தது. துக்க வீட்டில் இருக்கிறவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், டைரக்டர் அந்தப் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்தார். எனக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு வருடம் இருந்தது.

திங்கட்கிழமை காலை அந்தோனினா வந்தாள். துக்கத்துக்குக் கட்டிய கருப்புத் துணி இன்னும் தலையில் இருந்தது. பாய்லர் கூடத்துக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டாள். முப்பது வருடமாக இருட்டாக இருந்த மூலையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அறுத்துப்போட்ட டிரம்மின் மேல் உட்கார்ந்து திமொஃபெய் ரொட்டியும் சாசேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சித்திய நல்லபடியா அடக்கம் பண்ணீங்களா?" என்றான்.

அவள் டிரம்மின் வெட்டுவாயைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"யாருடா சொன்னது?"

"எது?"

"இத வெட்டச் சொன்னது யாருன்னு கேக்கறேன்."

"டைரக்டர்தான். வேற யாரு? உத்தரவு குடுத்தாரு, நாலு நாள்ல முடிக்கணும்னாரு. உனக்குத் தெரியும்னாரு."

"எனக்குத் தெரியும்னு அவன் சொன்னா? உன் வாயில நாக்கு இல்ல? ஒரு போன் போட மாட்ட?"

"தோன்யா, பொணத்த வச்சுக்கிட்டு நிக்கிறவகிட்ட பாய்லரப் பத்தியா பேச முடியும்?"

"சித்தி செத்துதான் போனா. அவளுக்குக் குளிராது! ஆறாயிரம் பேரு இந்த ஊர்ல உசுரோட இருக்காங்கடா!"

அவன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டிவிட்டாள். அது சாம்பலில் போய் விழுந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். திமொஃபெய் எழுந்து நின்றான். அவளை விட ஒரு தலை உயரம்.

"என் மேல ஏன் பாயுற? நான் கூலிக்கு வெட்டுறவன். எனக்கும் ஆறு ஆளு இருக்காங்க, அவனுங்களுக்கு வேலை குடுக்கணும். எங்கிட்ட உத்தரவு இருக்கு. கையெழுத்தோட."

"உத்தரவை ரேடியேட்டர்ல போட்டுக் காய்ச்சிக் குடி" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஏறினாள்.

டைரக்டர் அறையில் நடந்தது எனக்குச் சுவர் வழியாகத் தெரியும். என் பரிசோதனைக் கூடம் அடுத்த அறைதான். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கூடத்தைக் காலி செய்தால்தான் மேலிடத்துக்குத் திட்டம் முடிந்தது என்று அறிக்கை அனுப்ப முடியும் என்றார். கேஸ் நிற்பதெல்லாம் பழைய காலத்துக் கதை என்றார். நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், ஒரு வாரம் ஓய்வெடுங்கள் என்றார். அவள் குரல் மட்டும் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"கேன்டீன்ல நின்னு வாக்குக் குடுத்தியே அர்காஷா! உன் அம்மா நின்ன எடத்துல நின்னு!"

பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவரை யாரும் அர்காஷா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தவள் நேராக என் கூடத்துக்கு வந்தாள்.

"நாலு நாள் நீ எங்க இருந்த?"

"இங்கதான்."

"பாத்துக்கிட்டு இருந்த."

"திமொஃபெய் வெட்டுறான்னதும் உனக்குத் தெரியும்னு நெனச்சேன் தோன்யா."

திட்டியிருந்தால் தேவலை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தலைநகரத்தில் இருக்கிற கண்காணிப்பு அலுவலகத்துக்கு எழுதினாள். டிசம்பர் கடைசியில் பதில் வந்தது. உங்கள் கடிதம் பெறப்பட்டது, அடுத்த ஆண்டின் முதல் காலாண்டில் பரிசீலிக்கப்படும் என்று. முதல் காலாண்டு! பனி அதுவரை வரிசையில் நிற்குமா?

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. குளிர் மைனஸ் இருபத்தொன்பது டிகிரிக்கு இறங்கியிருந்தது. காலை ஷிஃப்ட் மாறிய கொஞ்ச நேரத்தில் கேஸ் அழுத்தம் காட்டுகிற முள் கீழே போக ஆரம்பித்தது. ஒரு நடுக்கம்கூட இல்லாமல், சீராக இறங்கியது. ஏழே முக்காலுக்கு இரண்டு உலைகளும் அணைந்தன. கூடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

அந்தோனினா கொட்டகைக்கு ஓடினாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அழுத்தம் குறைக்கிற வால்வு வெள்ளையாக, முயல் தோல் போர்த்தின மாதிரி பனி பூத்துக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மாற்று வால்வும் அதே மாதிரி.

"பம்புகளை நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். "தண்ணி ஆறினாலும் ஓடிக்கிட்டே இருக்கணும். நின்னா உறைஞ்சிடும். ஹெய்னோ, வடக்குப் பக்கம் பம்பு ஓடுதான்னு பாரு. அல்பினா, கேன்டீனுக்குப் போ. இருக்கிற பானை எல்லாத்துலயும் தண்ணி கொதிக்க வை!"

நான் கொதிக்க வைத்தேன். சமையல்காரிகளும் கணக்கர்களும் வரிசையாக நின்று பானைகளைக் கைமாற்றினோம். கந்தலைச் சுற்றி வெந்நீர் ஊற்றினார்கள். ஊற்றின தண்ணீர் தரையில் விழுவதற்குள் பனியானது. காலை முழுக்க இதுதான். டைரக்டர் தலைநகரத்தில் ஏதோ மாநாட்டில் இருந்தார். போனில், "உங்களால முடிஞ்சதைச் செய்யுங்க" என்றார். செய்துகொண்டுதான் இருந்தோம்.

பத்து மணிக்குள் ஊரே மின்சார அடுப்பை மாட்டிவிட்டது. வேறு என்ன செய்வார்கள்? குழந்தைகள் இருக்கிற வீடுகள். பதினொன்றரைக்கு வடக்குப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அதோடு வடக்குப் பம்பும் நின்றது. சுரங்கத் தெருவுக்குப் போகும் வெந்நீர்க் குழாய் எங்கள் ஊரில் தரைக்கு மேலேதான் போகிறது, வரிசையாக நட்ட இரும்புக் கால்களின் மேல். அதில் தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. ஹெய்னோ ஓடிவந்து சொன்னபோது அவன் மீசையில் பனி தொங்கியது.

"சுரங்கத் தெரு போச்சு, யெகோரொவ்னா."

அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். "வீடு வீடா போய் ரேடியேட்டர்ல இருக்கற தண்ணியத் தொறந்து விடச் சொல்லு. முடிஞ்ச வரைக்கும்."

பன்னிரண்டு மணிக்குத் திமொஃபெயின் லாரி வந்து நின்றது. அதன் பின்பக்கத்தில், குளிர்காலத்தில் அவனுடைய ஆட்கள் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்கிற டீசல் ஊதுகருவி இருந்தது. பீப்பாய் அளவு, சூடான காற்றை ஊதும். அதைக் கொட்டகைக்குப் பக்கத்தில் இறக்கப் போனான்.

"நில்லு! நெருப்ப அந்த வேலிக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்தீனா உன்னை நானே கொன்னுடுவேன். இது கேஸ்டா, முட்டாள்."

"குழாய் இருக்கு. துணிக்குழாய். இருபது மீட்டர்."

"பத்தாது. இன்னொண்ணு?"

"லாரியில இருக்கு."

"ரெண்டையும் சேர்த்துக் கட்டு. மெஷினை அங்க வை, காத்தடிக்கிற திசைக்குப் பின்னால. வச்சிட்டு நீ தள்ளிப் போ. உன் மூஞ்சி என் கண்ணுல படக்கூடாது."

அவன் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றான். இரண்டரை மணிக்கு வால்விலிருந்து நீர் சொட்ட ஆரம்பித்தது. மூன்றுக்கு முள் அசைந்தது. எல்லாரும் கத்தினோம். அவள் மட்டும் கத்தவில்லை. உலைக்குள் காற்றை முழுசாக ஊதி வெளியேற்றி, கசிவு பார்த்து, விதிப்படி ஒவ்வொன்றையும் செய்து, நாலு மணிக்குத்தான் பர்னரைப் பற்றவைத்தாள். யாரோ சீக்கிரம் சீக்கிரம் என்றபோது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

ஊரில் பாதிக்கு மேல் பிழைத்தது. சுரங்கத் தெரு பிழைக்கவில்லை. வெளிக்குழாய் மூன்று இடத்தில் பிளந்தது. பள்ளிக்கூடத்திலும் ஐந்து மாடிக் கட்டிடங்கள் மூன்றிலும் ரேடியேட்டர்கள் வெடித்து, ஒழுகிய தண்ணீர் படிக்கட்டில் கண்ணாடியாக உறைந்தது. நூற்று நாலு குடும்பங்கள் பதினேழு நாள் ஊரின் பொது மண்டபமான கலாசார மாளிகையில் மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார்கள். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹில்யா, பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது அந்தப் படிக்கட்டில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. மார்ச்சில் இறந்தாள்.

பதினோராவது நாள் அந்த மாளிகையிலேயே கூட்டம். கட்டில்களை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. டைரக்டர் மேடையில் நின்று, மனப்பூர்வமான வருத்தம் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்தார்.

"காப்பு பாய்லருக்குப் பொறுப்பு பாய்லர் கூடத் தலைவிதான். இதோ அவங்க கையெழுத்துப் போட்டது. 'நாலாவது பாய்லர் நவம்பர் பதினொன்றாம் தேதி முதல் மார்ச் முப்பத்தொன்று வரை தயார் நிலையில் உள்ளது.' எனக்கு இந்தத் தாள் வந்தது. நான் இதை நம்பினேன்."

எப்போதும் ஒரு மாதத்துக்குப் போடுகிற தாள். இந்தத் தடவை குளிர்காலம் முழுவதுக்கும் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவள் படிக்கவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்ற நானும் படிக்கவில்லை.

கூட்டம் திரும்பியது. அதை எப்படிச் சொல்வது? எல்லா முகமும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் திரும்பியது. ஹில்யாவின் மகன் எழுந்து நின்றான்.

"ஏம்மா, கையெழுத்துப் போடும்போது தூங்கிட்டு இருந்தீங்களா?"

பின்னாலிருந்து இன்னொரு குரல்: "தம்பிக்கு இரும்பு, அக்காவுக்குக் கையெழுத்து! குடும்பமே பங்கு போட்டுக்கிட்டாங்க!"

அந்தோனினா மேடைக்கு ஏறினாள். நடந்ததைச் சொல்வாள், பஸ்ஸைச் சொல்வாள், சித்தியைச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் அதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"கையெழுத்து என்னுதுதான். படிக்காம போட்டேன். முப்பத்தொரு வருஷம் வேலை பாத்தவ, படிக்காம போட்டேன். அது தப்பு. ஹில்யாவோட பையன் என் மூஞ்சியில துப்பினாலும் நான் தொடைச்சுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. அந்தப் பாய்லர் தானா நடந்து வெளிய போகல. அதை வெட்டச் சொன்னவர் இங்க நிக்கிறாரு, தாளை நம்பினேங்கறாரு. பாய்லர் அவரு ஜன்னலுக்குக் கீழ நின்னுது. நாலு நாள் அதைத் துண்டு துண்டா லாரியில ஏத்தினாங்க. அர்காதி பாவ்லொவிச், உங்க ஜன்னல்ல திரை போட்டிருந்ததா?"

"அந்தோனினா யெகோரொவ்னா, உணர்ச்சிவசப்படாதீங்க. வெட்டுற முடிவு அப்புறமா எடுத்தது. நீங்க தயார்னு சொன்ன பிறகு, உங்ககிட்ட கலந்துதான்…"

"பொய்" என்றேன் நான். சத்தமாகத்தான் சொன்னதாக நினைத்தேன். பக்கத்தில் இருந்தவருக்கு மட்டும்தான் கேட்டது.

அப்போது கதவுப் பக்கமிருந்து திமொஃபெய் நடந்து வந்தான். கோட்டின் உள் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து விரித்தான். மேடையில் கொடுக்கவில்லை, ஹில்யாவின் மகனிடம் கொடுத்தான்.

"படிப்பா. சத்தமா படி. தேதியோட."

அது வெட்டச் சொன்ன உத்தரவு. டைரக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. தேதி நவம்பர் ஒன்பது. அந்தோனினாவிடம் தாளை நீட்டியதற்கு இரண்டு நாள் முன்னால்.

ஒரு கிழவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே தன் செருப்பைக் கழற்றி மேடையை நோக்கி எறிந்தார். அது தவறி, காய்ந்துகொண்டிருந்த துணியில் பட்டது. அதற்குப் பிறகு டைரக்டர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்காவும் தம்பியும் அங்கேயே கட்டிப்பிடித்து அழுதிருந்தால் ஊருக்குத் திருப்தியாக இருந்திருக்கும். அவள் படியிறங்கி அவனிடம் வந்தாள்.

"ஒம்பதாம் தேதி போட்ட இந்தத் தாளா ரெண்டு மாசமா உன் பையில இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"நான் அந்த அலுவலகத்துக்கு எழுதும்போது இருந்துச்சா? டிசம்பர்ல இருந்துச்சா?"

"தோன்யா, இதைக் காட்டினா இனி எவனும் எனக்கு வேலை தரமாட்டான். இப்போ காட்டிட்டேன்ல?"

"ஹில்யா விழுந்த அப்புறம் காட்டின."

அவனைத் தாண்டி நடந்து போய்விட்டாள். அவன் சொன்னது உண்மைதான். எங்கள் மாவட்டத்தில் ஒரு நிலையமும் அதற்குப் பிறகு அவனைக் கூப்பிடவில்லை. கோடையில் ஃபின்லாந்துக்குக் கப்பல் கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போனான்.

விசாரணை நடந்தது. நிறுவனத்துக்கு அபராதம் போட்டார்கள். அர்காதி பாவ்லொவிச் தானாக விலகிக்கொண்டார் என்று அறிவிப்பு வந்தது. இப்போது வேறொரு ஊரில் ஆலோசகராம். எதைப் பற்றி ஆலோசனை சொல்கிறாரோ! கேஸைச் சூடுபடுத்தும் கருவி மார்ச்சில் வந்தது, டீசல் தொட்டிகள் ஏப்ரலில். ஐந்து மாதம் முன்னால் வர முடியாதது, ஒரு கிழவி செத்த பிறகு இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

அந்தோனினாவுக்கு எழுத்து மூலம் கண்டனம். விதிப்படி அதை ஒரு மாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஹெய்னோ அதைக் கிழித்துவிட்டான். அவள் அலுவலகத்துக்குப் போய் இன்னொரு நகல் வாங்கிவந்து தானே ஒட்டினாள்.

"யெகோரொவ்னா, எனக்குப் பாக்கப் பிடிக்கல" என்றான் அவன்.

"அப்ப வேற பக்கம் பாரு. நடக்கும்போதெல்லாம் எல்லாரும் வேற பக்கம்தான பாத்தீங்க" என்றாள். எனக்காகவும் சேர்த்துச் சொன்னாள் என்று தெரியும். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

என்னோடு அவள் மறுபடி பேச ஆரம்பிக்க ஜூன் ஆனது. திமொஃபெய் ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபின்லாந்திலிருந்து போன் செய்கிறான். எடுப்பாள். அங்கே குளிர் எத்தனை டிகிரி என்று கேட்பாள், இங்கே எத்தனை என்று சொல்வாள், வைத்துவிடுவாள். இது ஏழாவது வருடம்.

போன மாதம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தபோது துணிந்து கேட்டேன். "தோன்யா, இன்னுமா உனக்குக் கோபம் தீரல?"

"எதுக்குத் தீரணும்?" என்றாள். "யாருக்கு அவசரம்?"

சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டாவது பாய்லரில் ஒரு வால்வு இறுகுகிறதாம், போய்ப் பார்க்க வேண்டுமாம்.